தரிசு விட்ட நிலத்தில் விருந்தினர்: நெப் பண்ணை – ஒரு நிகழ்வு ஆய்வு

இங்கிலாந்தின் மேற்கு சசெக்ஸ் மாவட்டத்தில், ஹார்ஷம் நகருக்குத் தெற்கே, ஷிப்லி என்ற சிற்றூரை ஒட்டி நெப் பண்ணை அமைந்துள்ளது. ஆங்கில எழுத்தில் பெயரின் முதலில் ஒரு ‘க்’ நிற்கிறது. பண்ணையின் பரப்பு 3,500 ஏக்கர். பரெல் குடும்பத்தின் கையில் இரு நூற்றாண்டுகளுக்கும் மேலாக இருந்துவரும் இந்த நிலத்தில் 2000-ஆம் ஆண்டு வரை கறவை மாடுகளும் கோதுமை வயல்களும் இருந்தன. இப்போது அதன் ஒரு மூலையில் கூடாரங்களும், சக்கரத்தின் மேல் நிற்கும் மரக் குடில்களும், மர வீடுகளும் உள்ளன. வசந்தம் தொடங்கி இலையுதிர் காலம் வரை ஊரிலிருந்தும் வெளியூரிலிருந்தும் மக்கள் பணம் கொடுத்து அங்கே வந்து தங்குகிறார்கள்.

விவசாயத்தை விட்டுவிட்டு விடுதி நடத்தும் குடும்பங்கள் ஐரோப்பாவில் ஏராளம். நெப்பைத் தனியே எடுத்து ஆராய்வதற்குக் காரணம் அதன் ஆண்டுக்கணக்கு. குடும்பம் தன் கைப்பட விவசாயம் செய்வதை நிறுத்தியது 2000-இல். விருந்தினருக்கான முகாமையும் சஃபாரியையும் தொடங்கியது 2014-இல். இடைப்பட்ட பதினான்கு ஆண்டுகளில் அந்த நிலத்துக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பார்க்காமல், முகாமை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் தவறான பாடத்தோடுதான் திரும்புகிறார்கள் என்பது என் எண்ணம்.

மண்ணும் கடனும்

சார்லி பரெல் தன் தாத்தா பாட்டி வழியில் 1987-இல் இந்தப் பண்ணையைப் பெற்றபோது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தார். வேளாண்மைக் கல்லூரியில் படித்தவர். பண்ணை நட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நவீன முறைகளைக் கொண்டுவந்தால் மீட்டுவிடலாம் என்று நம்பினார். மாட்டுக் கொட்டில்களை ஒன்றாக இணைத்தார், பெரிய எந்திரங்களை வாங்கினார், உரத்தையும் மருந்தையும் கூட்டினார், பாலோடு நிற்காமல் ஐஸ்கிரீமும் தயாரித்தார். விளைச்சல் கூடியது, செலவு அதைவிட வேகமாகக் கூடியது. அத்தனை ஆண்டுகளில் கையில் மிச்சம் நின்றவை இரண்டே ஆண்டுகள் என்று குடும்பமே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. கடன் 15 லட்சம் பவுண்டைத் தாண்டியது.

குறை உழைப்பில் இல்லை, மண்ணில் இருந்தது. சசெக்ஸின் இந்தப் பகுதி முழுவதும் கனத்த களிமண். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கல்லாகும். மழை தொடங்கியதும் சக்கரத்தை விழுங்கும். இலையுதிர் காலம் முடிந்தால் அடுத்த வசந்தம் வரை வயலில் ட்ராக்டரை இறக்கவே முடியாது. சேற்றின் விதவிதமான நிலைகளைக் குறிக்கப் பழைய சசெக்ஸ் வட்டார வழக்கில் முப்பதுக்கும் மேற்பட்ட சொற்கள் இருந்தன என்றால் அந்த மண்ணோடு மல்லுக்கட்டியவர்களின் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம். மழைக்காலத்தில் கரிசலில் வண்டி ஓட்டியவர்களுக்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை. இரண்டாம் உலகப் போரின்போது உணவுத் தட்டுப்பாட்டுக்கு அஞ்சி, மாளிகையைச் சுற்றியிருந்த பூங்காவைக்கூட உழுதார்கள். போர் முடிந்த பிறகு மானியம் அந்த உழவைத் தொடர வைத்தது. மணற்பாங்கான, வடிகால் உள்ள நிலத்தில் பயிர் செய்பவரோடு இந்தக் களிமண்காரர் சந்தையில் ஒரே விலைக்குப் போட்டியிட வேண்டியிருந்தது.

பால் சந்தையும் கைகொடுக்கவில்லை. 1984-இல் ஐரோப்பியச் சமூகம் பால் உற்பத்திக்கு ஒதுக்கீட்டு வரம்பு விதித்தது. விவசாயிகளின் பாலை மொத்தமாக வாங்கி விற்றுவந்த பால் விற்பனை வாரியம் 1994-இல் கலைந்தபின், விலை பேசும் பலம் பெரிய கொள்முதல்காரர்களின் கைக்குப் போனது. 1996-இல் பித்த மாட்டு நோய் பற்றிய அறிவிப்பு வந்து பிரிட்டிஷ் மாட்டிறைச்சியின் ஏற்றுமதியே நின்றது. 2000-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பரெல் குடும்பம் கறவை மந்தைகளையும் எந்திரங்களையும் விற்கத் தீர்மானித்தது. பல ஆண்டுகள் உடன் உழைத்தவர்கள் வேலை இழந்தார்கள். விளைநிலம் ஒப்பந்தத்துக்கு விடப்பட்டது. விற்ற பணம் கடனை அடைக்கப் பயன்பட்டது. அன்று அவர்கள் மனதில் விடுதியும் இல்லை, சுற்றுலாவும் இல்லை. நட்டத்தை நிறுத்த வேண்டும் என்பது ஒன்றே கணக்கு.

தரிசு

திசை மாறியதற்கு ஓர் ஓக் மரம் காரணம் என்று குடும்பத்தார் சொல்வது வழக்கம். 1999-இல் பழைய மரங்களைப் பற்றி ஆழ்ந்த அறிவுள்ள டெட் கிரீன், பண்ணையின் பெயர்பெற்ற பழைய ஓக் ஒன்றைப் பார்வையிட அழைக்கப்பட்டார். அந்த மரத்தைவிட, சுற்றிலும் பூங்கா நிலத்தில் நின்ற மற்ற ஓக்குகள்தான் அவரைக் கவலைப்பட வைத்தன. உழவும் உரமும் வேரையும் வேரோடு ஒட்டி வாழும் பூஞ்சையையும் அழிப்பதால் அவை தம் காலத்துக்கு முன்பே பட்டுக்கொண்டிருந்தன. 2001-இல், அரசின் கிராமப்புறப் பராமரிப்புத் திட்ட நிதியைக் கொண்டு, மாளிகையைச் சுற்றிய சுமார் 350 ஏக்கர் பூங்காவில் உழவு நிறுத்தப்பட்டு உள்நாட்டுப் புல் விதைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு உடலில் புள்ளிகள் கொண்ட ஃபாலோ மான்கள் அங்கே விடப்பட்டன. பூச்சிகளின் இரைச்சல் திரும்பியது. அதுவரை தாங்கள் எவ்வளவு அமைதியான நிலத்தில் வாழ்ந்துவந்தோம் என்பதே அப்போதுதான் உறைத்தது என்று சார்லியின் மனைவியும் எழுத்தாளருமான இசபெல்லா ட்ரீ பதிவு செய்திருக்கிறார்.

அதே காலத்தில் டச்சுச் சூழலியலாளர் ஃபிரான்ஸ் வேராவின் கருத்து அவர்களை எட்டியது. மனிதர் தலையிடுவதற்கு முந்தைய ஐரோப்பா முழுவதும் அடர்காடாக இருந்தது என்ற பொதுக்கருத்தை வேரா மறுத்தார். காட்டு மாடும் காட்டுக் குதிரையும் மானும் மேய்ந்து மேய்ந்து, புல்வெளியும் முள்புதரும் மரத்தோப்பும் கலந்து மாறிக்கொண்டே இருந்த நிலம் அது என்பது அவர் வாதம். நெதர்லாந்தின் ஊஸ்ட்ஃபார்டர்ஸ்பிளாசன் காப்பிடத்தில் அந்த வாதம் நடைமுறையில் பரிசோதிக்கப்பட்டு வந்தது. மேய்ச்சல் விலங்குகளை விட்டுவிட்டு, நிலத்தை அதன் போக்கில் விட்டால் என்ன ஆகும் என்று நெப்பிலும் பார்க்கலாம் என்று குடும்பம் முடிவு செய்தது.

இங்கே மானியக் கொள்கையின் பங்கை மறைக்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது வேளாண் கொள்கை 2003-இல் திருத்தப்பட்டு 2005-இல் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்தபோது, என்ன விளைவிக்கிறோம் என்பதைப் பொறுத்திராமல் நிலத்தின் அளவைப் பொறுத்து உதவித்தொகை கிடைத்தது. பயிர் செய்யாமலும் நிலத்தை வைத்திருக்கலாம் என்ற நிலை அப்போதுதான் பிறந்தது. 2010-இல் பண்ணை முழுவதுக்கும் உயர்நிலைப் பராமரிப்புத் திட்ட நிதியும் கிடைத்தது. இந்த இரண்டும் இல்லாமல் நெப்பின் பதினான்கு ஆண்டுக் காத்திருப்பைக் கற்பனை செய்வது கடினம்.

தெற்குப் பகுதி வயல்களை அவர்கள் ஒரே நாளில் கைவிடவில்லை. 2001 முதல் 2006 வரை, மிக மோசமான வயலில் தொடங்கி ஒவ்வொன்றாக உழவிலிருந்து விடுவித்தார்கள். சுற்று வேலிக்குப் பணம் கிடைக்கத் தாமதமானதால் அந்த வயல்கள் 2009 வரை மேய்ச்சல் விலங்குகள் இல்லாமலே கிடந்தன. தற்செயலாக நேர்ந்த இந்தத் தாமதமே பெரும் நன்மையாக முடிந்தது. மாடு வருவதற்குள் கருமுள்ளும் காட்டு ரோஜாவும் முட்கொடிகளும் வில்லோ மரங்களும் வேலியிலிருந்து வயலுக்குள் பரவின. மாடு வந்தபின் முள்ளுக்குள் மாட்டிக்கொண்ட ஓக் கன்றை அதனால் கடிக்க முடியவில்லை. முள்தான் ஓக்கின் தாய் என்பது அந்நாட்டுக் காட்டுக்காரர்களின் பழைய வழக்கு. பண்ணையின் வெவ்வேறு பகுதிகளில் ஓல்டு இங்கிலிஷ் லாங்ஹார்ன் மாடுகளும் எக்ஸ்மூர் குதிரைகளும் டாம்வொர்த் பன்றிகளும் செம்மான்களும் வெவ்வேறு ஆண்டுகளில் விடப்பட்டன. மாடு கிளையை ஒடித்தது, பன்றி மண்ணைக் கிளறியது, கிளறிய மண்ணில் வில்லோ விதை முளைத்தது.

அக்கம்பக்கத்தார் இதை விரும்பவில்லை. நன்றாக இருந்த வயலைத் தரிசாகப் போடுவது எந்த ஊர் விவசாயிக்கும் கண்ணில் குத்தும் காட்சிதான். அதிலும் போர்க்காலப் பட்டினியை நினைவில் வைத்திருந்த தலைமுறைக்கு அது தங்கள் உழைப்பை அவமதிப்பதாகத் தோன்றியது. குதிரைக்கும் மாட்டுக்கும் நஞ்சான ராக்வொர்ட் என்ற மஞ்சள் பூக் களை தங்கள் நிலத்துக்குப் பரவும் என்று புகார் செய்தார்கள். பிறகு திஸில் என்ற முட்செடி வந்தது. ஏக்கர் ஏக்கராக ஊர்ந்து பரவிய முட்செடியைக் கண்டு குடும்பமே ஆட்டம் கண்டது; மருந்தடிக்கலாமா என்ற யோசனை வீட்டுக்குள்ளேயே எழுந்தது. 2009-இல் ஆப்பிரிக்கப் பக்கமிருந்து லட்சக்கணக்கில் பிரிட்டனுக்கு வந்த பெயின்டட் லேடி வண்ணத்துப்பூச்சிகள் அந்த முட்செடிகளில் முட்டையிட்டன. புழுக்கள் இலைகளை மொட்டையடித்தன. மறு ஆண்டில் முட்செடி பெருமளவு மறைந்துபோனது. இதை அதிர்ஷ்டம் என்று சொல்லலாம். ஆனால் மருந்தடித்திருந்தால் அந்த அதிர்ஷ்டத்துக்கு இடமே இருந்திருக்காது.

எண்ணிக்கை மெல்ல மாறியது. 1999-இல் ஒன்பது இடங்களில் மட்டுமே ஒலித்த நைட்டிங்கேல் என்ற பாடும் பறவையின் குரல் 2012-இல் முப்பத்துநான்கு இடங்களில் கேட்டது. பிரிட்டனில் மிக வேகமாக அழிந்துவரும் பறவைகளில் ஒன்றான டர்ட்டில் புறா இங்கே கூடியது. அடர்காட்டுப் பூச்சி என்று நூல்கள் சொல்லிவந்த பர்பிள் எம்பரர் வண்ணத்துப்பூச்சி வில்லோ புதர்களில் பெருகி, நாட்டிலேயே மிகப் பெரிய கூட்டமாகியது. நிலத்தைத் தரிசு விட்டவர்கள் கையில் பார்க்கத்தக்க ஒரு பொருள் சேர்ந்தது அப்போதுதான்.

விருந்தினர்

2014-இல் தொடங்கிய முகாம் தெற்குப் பகுதியின் ஓரத்தில் இருக்கிறது. பெரிய கட்டடம் எதுவும் எழுப்பப்படவில்லை. கூம்பு வடிவக் கூடாரங்கள், நடு ஆசிய யூர்ட் பாணி வட்டக் கூடாரங்கள், சொந்தக் கூடாரம் கொண்டுவருபவர்களுக்கான புல்தரை, பின்னர் சேர்ந்த மர வீடுகள், குளிக்க ஓர் இயற்கைக் குளம் என்று அளவு சிறியதாகவே வைக்கப்பட்டது. சக்கரக் குடில் என்று மேலே சொன்னது, ஆட்டு மந்தையோடு இடம் மாறிய ஆங்கில மேய்ப்பர்கள் இழுத்துச்சென்ற தகரக் கூரை வண்டியின் மறுபிறப்பு. கிடை போடுகிறவர்கள் தோளில் தூக்கிச்செல்லும் நம் பக்கத்துக் குடிசைக்கு அது உறவுமுறை என்று சொன்னால் மிகையாகாது. ஆனால் அங்கே இப்போது உள்ளே அடுப்பும் மெத்தையும் இருக்கின்றன.

சக்கரம் இருப்பதற்கு அழகு மட்டும் காரணம் இல்லை. இங்கிலாந்தின் சட்டத்தில் நகர்த்தக்கூடிய குடில் பெரும்பாலும் வீட்டு வண்டியாகவே கருதப்படுகிறது. நிலையான கட்டடத்துக்கான விதிகளிலிருந்து அது வேறுபட்ட பாதையில் செல்கிறது. அதற்காக அனுமதியே தேவையில்லை என்று எண்ணிவிடக் கூடாது. விவசாய நிலத்தை விருந்தினர் நிலமாக மாற்றுவதற்குத் திட்ட அனுமதி பெற்றாக வேண்டும். நீண்ட காலம் ஆண்டுக்கு 28 நாட்கள் மட்டும் அனுமதியின்றி முகாம் போடலாம் என்றிருந்த விதி, 2023 ஜூலையில் 50 கூடார இடங்கள் வரை 60 நாட்கள் என்று தளர்த்தப்பட்டது. வருமானத்துக்கு வழி தேடும் சிறு விவசாயிகளுக்கு அரசு திறந்துவிட்ட வாசல் அது. அதன் பின்னணியில் ஒரு பழைய கசப்பும் உண்டு. 2001-இல் கோமாரி நோய் பரவியபோது 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன; நடைபாதைகள் மூடப்பட்டு கிராமங்கள் வெறிச்சோடின. அப்போது வேளாண்மையைவிடச் சுற்றுலாத் துறையே அதிகம் இழந்தது. கிராமத்தின் பொருளாதாரம் வயலில் மட்டும் இல்லை என்பதை நாடே அந்த ஆண்டில் கற்றது.

நெப்பில் ஓர் இரவுக்குக் கொடுக்கும் பணம் கட்டிலுக்காகக் கொடுப்பது அல்ல. நைட்டிங்கேல் ஏப்ரல் இறுதியில் வந்து ஜூன் தொடக்கத்தில் பாட்டை நிறுத்திவிடும். டர்ட்டில் புறா மே மாதத்தில் வருகிறது. பர்பிள் எம்பரர் ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் ஓக் உச்சிகளில் பறக்கிறது. அக்டோபரில் மான்கள் இணைக்காக முட்டிக்கொள்ளும். முகாமின் முன்பதிவுப் புத்தகம் இந்தப் பஞ்சாங்கத்தின்படி நடக்கிறது. விடியற்காலைப் பறவையொலி, வவ்வால், வண்ணத்துப்பூச்சி, மான் என்று ஒவ்வொரு பருவத்துக்கும் வழிகாட்டியோடு நடையும், பழைய ராணுவப் பின்ஸ்காவர் வண்டிகளில் சுற்றுலாவும் ஏற்பாடாகின்றன. வெறும் கோடை விடுமுறையை நம்பியிருக்கும் கூடாரத்தளத்துக்குக் கிடைக்காத வாரநாள் விருந்தினரை இதுவே கொண்டுவருகிறது. எந்த விலங்கும் கண்ணில் படும் என்று உறுதி கொடுக்க முடியாது என்பதையும் இந்தத் தொழில் தாங்கியாக வேண்டும். லண்டனிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தொலைவில் இருப்பது பெரும் வசதி. இதே புதர்க்காடு ஸ்காட்லாந்தின் கோடியில் இருந்திருந்தால் கணக்கு வேறாகியிருக்கும்.

பண்ணைக்குள் சுமார் 26 கிலோமீட்டர் பொது நடைபாதை ஓடுகிறது. அதில் நடக்க யாருக்கும் கட்டணம் இல்லை. காட்டைப் பார்க்கும் உரிமையை விற்க முடியாத இடத்தில் காட்டுக்குள் உறங்கும் உரிமையை மட்டும் விற்கிறார்கள் என்பதால், தங்குமிடம் அந்த வேறுபாட்டை நியாயப்படுத்த வேண்டியிருக்கிறது. புகழ் பரவப் பரவ, நாயோடு வரும் நடைபயணிகள் தரையில் கூடு கட்டும் பறவைகளையும் கன்றுள்ள பசுக்களையும் கலைப்பது நிர்வாகத்துக்குத் தொடர் தலைவலி ஆகியிருக்கிறது.

வேறு வருமானங்கள்

முகாம்தான் நெப்பைக் காப்பாற்றியது என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பழைய மாட்டுக் கொட்டில்களும் களஞ்சியங்களும் அலுவலகமாகவும் பட்டறையாகவும் கிடங்காகவும் மாற்றப்பட்டு வாடகைக்கு விடப்பட்டுள்ளன. வேலையாட்கள் வாழ்ந்த வீடுகளும் வாடகை தருகின்றன. ஓநாயோ கரடியோ இல்லாத இடத்தில் மாடும் மானும் பன்றியும் பெருகிக்கொண்டே போகும் என்பதால் ஆண்டுதோறும் அவற்றில் ஒரு பகுதி கழிக்கப்படுகிறது. அப்படிக் கிடைப்பது உயிரெடைக் கணக்கில் ஆண்டுக்குச் சுமார் 75 டன். தீவனமும் கொட்டிலும் இல்லாமல் வளர்ந்த அந்த இறைச்சி தனிப் பெயரில் நல்ல விலைக்குப் போகிறது. இவற்றோடு பராமரிப்புத் திட்ட நிதி. நான்காவது தூணாகத்தான் விருந்தினர் வருகிறார்கள். 2023-இல் பழைய களஞ்சியத்தில் ஓர் உணவகமும் கடையும் திறந்தன. முகாமில் தங்குபவர்கள் முந்தின நாள் புதருக்குள் பார்த்த அதே இன மாட்டின் இறைச்சியை அங்கே உண்ணலாம். இது சிலருக்கு நெருடும். எனக்கு இதில் ஒரு நேர்மை தெரிகிறது.

எதிர்வாதமும் வலுவானது. உணவை இறக்குமதி செய்யும் நாட்டில் 3,500 ஏக்கரை முள்ளுக்கு விடலாமா என்று விவசாயிகள் கேட்கிறார்கள். களிமண்ணில் விளைந்த கோதுமை தன் செலவையே திருப்பித் தரவில்லை என்ற குடும்பத்தின் பதில் அந்த நிலத்துக்குப் பொருந்தும். நல்ல நிலம் வைத்திருப்பவர் அதே பதிலைச் சொல்ல முடியாது. ஜான் நாஷ் வடிவமைத்த மாளிகையும் விற்பதற்கு மந்தையும் வாடகைக்கு விடக் கட்டடமும் உள்ள குடும்பத்தால் பதினான்கு ஆண்டு காத்திருக்க முடிந்தது. நூறு ஏக்கர்க்காரர் அவ்வாறு காத்திருந்தால் வங்கி காத்திருக்காது. அவர் எடுத்துக்கொள்ளக்கூடியது ஒன்று உண்டென்றால் அது வரிசைமுறை: மிக மோசமான வயலை முதலில் விடுவது, இருக்கிற கொட்டிலை முதலில் வாடகைக்கு விடுவது, காட்டுவதற்கு ஏதாவது சேர்ந்த பிறகே கட்டில் போடுவது. நான்கு குடில்களை வாங்கி வைத்துவிட்டு மொட்டை வயலைக் காட்டும் பண்ணைகள் இப்போது அந்த நாட்டில் நிறையவே முளைத்திருக்கின்றன. அவற்றுக்கிடையே விலையைத் தவிர வேறு போட்டி இல்லை.

2016-இல் வெள்ளை நாரைகளை மீண்டும் குடியேற்றும் திட்டத்தில் நெப்பும் சேர்ந்தது. பிரிட்டனில் வெள்ளை நாரை கூடுகட்டியதற்கான பழைய எழுத்துப்பதிவு 1416-ஆம் ஆண்டுக்குரியது. எடின்பரோவின் புனித ஜைல்ஸ் தேவாலயக் கூரையில் அந்தக் கூடு இருந்தது. நெப்பின் ஓர் ஓக் மரத்தில் கட்டப்பட்ட கூட்டில் 2020 மே மாதம் குஞ்சுகள் பொரித்தன. அந்த வசந்தத்தில் கொரோனா ஊரடங்கால் இங்கிலாந்தின் கூடாரத்தளங்கள் அனைத்தும் பூட்டிக் கிடந்தன. ஜூலை 4-ஆம் தேதிதான் திறக்க அனுமதி வந்தது. ஆறு நூற்றாண்டுகளுக்குப் பின் முதன்முறையாக நாரைக் குஞ்சு கத்திய வாரங்களில், அதைப் பார்க்கப் பணம் கொடுக்கத் தயாராக இருந்தவர் ஒருவர்கூட நெப்பின் கூடாரங்களில் இல்லை.